ஆடுதின்னாப்பாளை

டாக்டர் செல்வராஜ் அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். ஜோஷ்வா மறுபடியும் இல்லை என்றான்.

“நாட்டு மருந்து, லேகியம், சூரணம், கஷாயம், எதுவுமே சாப்பிட்டதில்லையா? யாரும் திட்ட மாட்டாங்க. சும்மா சொல்லுங்க.”

“இல்ல சார். முதுகு வலிச்சா ஊசி போட்டுப்பேன். அதுவும் எப்பனாதான்.”

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியின் சிறுநீரகப் பிரிவில் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, காற்று மட்டும் கட்டிலுக்கு வரவில்லை. டாக்டர் ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கட்டிலின் தலைமாட்டில் நின்றிருந்த ரெஜினாவிடம் திரும்பினார். ரெஜினா ஜோஷ்வாவின் அக்கா. பொத்தேரிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் சொல்லித் தருகிறவள்.

“ரெண்டு கிட்னியும் சுருங்கிடுச்சு மேடம். இவருக்கு சுகர் இல்ல, கல் இல்ல. பிரஷர்கூட கிட்னி போனதுக்கு அப்புறம் வந்ததுதான். முப்பத்தி நாலு வயசுல இப்படி ஆகக் கூடாது. எதனாலன்னு தெரியணும். ஒருவேளை வீட்ல வேற யாராவது அதையே சாப்பிட்டுட்டு இருந்தா, அவங்களையாவது காப்பாத்தலாம்.”

அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் ஜோஷ்வாவின் மனைவி லதா அசைந்தாள். அதுவரை கட்டிலின் கால்மாட்டில் தலையைக் குனிந்து நின்றிருந்தவள், தோளில் மாட்டியிருந்த பையைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தாள்.

“இதைச் சாப்டுகினு இருந்தாரு சார். இது மருந்து இல்ல, ஒணவுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. அதான் அவரு இல்லன்றாரு.”

“லதா, அது இன்னா பண்ணும்? வெறும் பச்சிலை அது,” என்றான் ஜோஷ்வா.

டப்பா ரெஜினாவின் கைக்கு வந்தது. பச்சை எழுத்தில் ‘கடலோர மூலிகைக் குடில், இடுப்பு வலிச் சூரணம்’ என்று போட்டிருந்தது. அதன் கீழே ‘முழுக்க முழுக்க இயற்கை. பக்க விளைவு அறவே இல்லை’. பின்பக்கம் திருப்பினாள். சுக்கு, மிளகு, அதற்கு அடுத்ததாக ஆடுதின்னாப்பாளை. ஒளிக்கவில்லை, மறைக்கவில்லை. ஏதோ கறிவேப்பிலை போட்டிருக்கிறோம் என்பதுபோல அச்சடித்து வைத்திருந்தார்கள்.

அவளுக்குக் காது மடல் வரை சூடு ஏறியது.

“எத்தனை நாளா?”

“ரெண்டு வருசம் ஆவப்போவுது,” என்றாள் லதா. “காலைல ஒரு ஸ்பூனு, சாயந்தரம் ஒரு ஸ்பூனு. வலி கொறைஞ்சா மாரிதான் இருந்துச்சு.”

ரெஜினா டப்பாவை டாக்டரிடம் நீட்டி, அந்த ஒரு பெயரை விரலால் காட்டினாள். “அரிஸ்டோலோக்கியா டாக்டர். இதுல இருக்கிற அமிலம்தான்.”

அவருக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துவிட்டார். நின்றுகொண்டே நூறு பேரைப் பார்க்கிற மனிதர் அப்படி உட்கார்ந்ததைப் பார்த்து ஜோஷ்வாவுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. அக்காவின் முகத்தையும் டாக்டரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

“எந்த மடையன் பேச்சைக் கேட்டு இதை வாங்கினீங்க?” ரெஜினா லதாவிடம் கேட்டாள். வார்டில் மற்ற கட்டில்களிலிருந்து தலைகள் திரும்பின. “படிச்சவதானே நீ? என்னை ஒரு வார்த்தை கேட்டியா? நான் என்ன அமெரிக்காவுலயா இருக்கேன்? யார் சொன்னா இதை வாங்கச் சொல்லி?”

லதா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்கதான் அண்ணி.”

*

வராந்தாவில், சக்கர நாற்காலிகளும் சாப்பாட்டுப் பைகளும் கடந்து போய்க்கொண்டிருக்க, லதாவின் போனில் ரெஜினா தன்னையே பார்த்தாள்.

கல்பாக்கம் விஞ்ஞானிகளின் குடியிருப்பான அணுபுரத்தில், சமூகக்கூடத்தின் மேடை. இரண்டு வருடத்துக்கு முந்தைய அறிவியல் தின விழாவில் அவள் பேசியது. நீலப் பருத்திப் புடவை, கையில் ஒரு கொடி. அந்தப் பேச்சு அவளுக்கு நன்றாக நினைவிருந்தது, ஏனென்றால் அதை அவள் மிகவும் பிடித்துப்போய்த் தயாரித்திருந்தாள்.

செடியால் ஓட முடியாது என்று ஆரம்பித்திருந்தாள். ஆடு வந்தாலும் புழு வந்தாலும் நின்ற இடத்தில் நின்றே சமாளிக்க வேண்டும். அதனால் அது தன் உடம்புக்குள்ளேயே ஆயுதம் காய்ச்சிக்கொள்கிறது. கசப்பு, காரம், எரிச்சல், நாற்றம் எல்லாமே நமக்காக அல்ல. தின்ன வருகிறவனைத் துரத்துவதற்காக. மலேரியாவுக்கு மருந்தான மரப்பட்டையும் அப்படித்தான் கசந்தது. இந்தக் கடற்கரை மணலில் தானாக மண்டிக் கிடக்கிற நித்தியகல்யாணியின் நஞ்சிலிருந்துதான் குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு மருந்து எடுக்கிறார்கள். அதை மருத்துவர் பக்கத்தில் இருந்து, அளவு பார்த்து, நரம்பில் ஏற்றுகிறார். நித்தியகல்யாணியைப் பறித்து அரைத்துக் குடித்தால் அது மருந்து அல்ல, செடியின் ஆயுதம் மட்டும்தான். பிறகுதான் கையிலிருந்த கொடியைத் தூக்கிக் காட்டியிருந்தாள். திருக்கழுக்குன்றம் சாலையில் ஒரு வரப்பிலிருந்து காலையில் பிடுங்கி வந்தது. சுவரொட்டிப் பசையைக்கூட நக்குகிற ஆடு, இதை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். பெயரே அதைச் சொல்கிறது என்றாள்.

போனில் இது எதுவும் இல்லை. புல்லாங்குழல் இசைக்கு நடுவே அவள் முகம் பெரிதாக வந்தது.

“இது ஆடுதின்னாப்பாளை. நம்ம ஊர்ல தலைமுறை தலைமுறையா இதைப் பூச்சிக்கும் வலிக்கும் விஷக்கடிக்கும் பயன்படுத்தியிருக்காங்க. இதுக்குள்ள இருக்கிற வேதிப்பொருள் ரொம்ப ரொம்பச் சக்தி வாய்ந்தது.”

அதோடு வெட்டு. திரையில் எழுத்து ஓடியது. ‘பேராசிரியர் டாக்டர் ரெஜினா சொல்கிறார்.’ அடியில் ஒரு கைபேசி எண்.

வெட்டின இடத்துக்கு அடுத்த வாக்கியம் என்ன என்பது அவளுக்குத் தெரியும். ‘ஆனா இன்னைக்கு நமக்கு உறுதியா தெரியும், இது சிறுநீரகத்தை மெதுவா சாகடிக்கும், புற்றுநோயும் வரவைக்கும், தயவுசெஞ்சு யாரும் இதை வாய்ல வைக்காதீங்க.’ அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது குரலை உயர்த்தியிருந்தாள். முன்வரிசையில் ஒருவர் தலையாட்டினார்.

“ஊருக்கே வந்துச்சு அண்ணி,” என்றாள் லதா. “எங்க சர்ச்சு குரூப்ல போட்டாங்க. இவரு வேன் ஓட்ற டிரைவருங்க குரூப்ல போட்டாங்க. எங்கக்கா சொல்லிகீதுன்னு இவரு எல்லாருக்கும் காட்டிகினு இருந்தாரு. பெருமையா.”

“எனக்கு ஏன் காட்டல?”

“நீங்க பேசினதை உங்களுக்கே எதுக்குக் காட்றது?”

ரெஜினா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேகமாகப் படியிறங்கினாள். லதா பின்னால் கூப்பிட்டது காதில் விழுந்தும் நிற்கவில்லை.

*

கடலோர மூலிகைக் குடில், மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருந்தது. தென்னை ஓலைக் கூரைக்குக் கீழே ஏ.சி. வாசலில் சென்னை வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு குடும்பம் இளநீரைக் குடித்துக்கொண்டே முடிக்கு எது நல்லது என்று விசாரித்துக்கொண்டிருந்தது. சுவரில் ஒரு பெரிய டிவி. அதில் ரெஜினா நீலப் புடவையில் கொடியைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். சத்தத்தை அணைத்து வைத்திருந்தார்கள். பேச்சு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வாயசைக்க ஆரம்பித்தாள்.

குடிலை நடத்துகிற கேசவன் அவளைப் பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்து வந்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். காவி நிறத்தில் கதர்ச் சட்டை, சுத்தமாகச் சவரம் செய்த முகம். முன்பு ஒரு ரிசார்ட்டில் எண்ணெய்த் தேய்ப்பு செய்துகொண்டிருந்தவன் என்று பின்னால் தெரிந்தது.

“மேடம். நீங்களே வந்துட்டீங்களா. உக்காருங்க, எலுமிச்சைப் புல் டீ போடச் சொல்றேன்.”

“அந்த டிவியை நிறுத்து.”

“மேடம்?”

“நிறுத்துடா அதை.”

இளநீர்க் குடும்பம் திரும்பிப் பார்த்தது. கேசவன் கோபப்படவில்லை. ரிமோட்டை எடுத்து நிறுத்தினான். உள்ளே ஒரு சிறிய அறைக்குக் கையைக் காட்டினான். ரெஜினா நகரவில்லை.

“என் தம்பி செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில படுத்திருக்கான். ரெண்டு கிட்னியும் போச்சு. உன் டப்பாவைத்தான் தின்னான். என் மூஞ்சியைப் பாத்துத் தின்னான். நான் பேசினதுல பாதியை வெட்டிட்டு, விக்கறதுக்கு ஏத்த மாதிரி ஒட்டியிருக்க.”

“மேடம், வீடியோ பெருசா இருந்தா யாரும் பாக்க மாட்டேன்றாங்க. சுருக்கினோம். நீங்க சொல்லாத வார்த்தை எதுனா அதுல கீதா? சொல்லுங்க.”

“வாய்ல வைக்காதீங்கன்னு சொன்னேனே. அது எங்க?”

“அது உங்க கருத்து. சித்தர்கள் கருத்து வேற.”

“எந்தச் சித்தர் இதை டப்பாவுல அடைச்சு, உணவுன்னு லேபிள் ஒட்டி, கூரியர்ல அனுப்பச் சொன்னாரு? நாடி பாத்தியா? என் தம்பியைக் கண்ணால பாத்திருக்கியா நீ? சித்த மருத்துவம் படிச்சவங்க கேட்டா உன்னைத் துடைப்பத்தால அடிப்பாங்க.”

கேசவன் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தான். மூடியைத் திருகி, டம்ளரில் இரண்டு ஸ்பூன் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கினான். வாடிக்கையாளர்கள் எல்லாரும் பார்க்கும்படி நின்று, மூச்சு விடாமல் குடித்தான். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினான்.

“நானும் தெனம் சாப்பிடறேன் மேடம். பாருங்க. எனக்கு இன்னா ஆச்சு?”

இளநீர்க் குடும்பத்தின் பெரியவர் தலையை ஆட்டி, “அதானே,” என்றார்.

 இவன் கண்ணெதிரே சுருண்டு விழுந்திருந்தால், வாந்தி எடுத்திருந்தால், ரெஜினா ஜெயித்திருப்பாள். இந்த நஞ்சு அப்படிக் கொல்வதில்லை. தின்ற அன்றைக்கு ஒன்றும் செய்யாது, மாதங்கள் ஆனாலும் காட்டிக்கொடுக்காது. ஆடு அதை அறிந்து விலகுவது நாற்றத்தையும் கசப்பையும் வைத்துத்தான். அந்த இரண்டையும் சுக்கும் மிளகும் போட்டு மறைத்துவிட்டால் மனிதனுக்கு வேறு எச்சரிக்கை கிடையாது. இதை எல்லாம் அந்தக் கடையில் நின்று யாரிடம் சொல்ல முடியும்? ஒருவன் குடித்துவிட்டுச் சிரிக்கிறான். அதற்கு மேல் சாட்சி எதற்கு என்று ஐந்தாறு பேர் நிற்கிறார்கள்.

“இரத்தம் குடுத்து கிட்னிக்கு கிரியேட்டினின் டெஸ்ட் பாரு,” என்றாள். “உனக்கும் போய்க்கிட்டுத்தான் இருக்கும்.”

“சாபம் விடாதீங்க மேடம்,” என்றான் கேசவன் சாந்தமாக. “உங்களால எத்தினியோ பேருக்கு நல்லது நடந்துகீது.”

அவள் கல்லா மேலிருந்த டப்பா அடுக்கைக் கையால் தள்ளினாள். அவை தரையில் உருண்டன. ஒன்று திறந்து, பழுப்புத் தூள் தரை ஓடுகளின் மேல் சிந்தியது. யாரோ போனில் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள். ரெஜினா வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பப் போனபோது சாவி துவாரத்தில் நுழையவே இல்லை.

அன்று மாலையே அந்தப் படமும் சுற்ற ஆரம்பித்தது. ‘இயற்கை மருத்துவத்தைத் தாக்கிய பேராசிரியை.’ கேசவன் தனியாக ஒரு வீடியோவும் போட்டான். வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகள் சிலரை விலைக்கு வாங்கிவிட்டன என்றான், பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. கீழே வந்த கருத்துகளில் அவள் பேரைப் பிடித்தார்கள், மதத்தைப் பிடித்தார்கள், பிறகு எந்தத் தெருவில் பிறந்தவள் என்பதையும் பிடித்தார்கள். ‘களை பறிச்ச குடும்பத்துக்கு மூலிகை பத்தி பாடம் எதுக்கு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே நிறைய பேர் சிரித்திருந்தார்கள். ரெஜினா அதை முழுக்க வாசித்தாள். அவள் அப்பாவும் அம்மாவும் களை பறித்தவர்கள்தான். அந்தக் கூலியில்தான் படித்தாள். அவளுக்கு அதில் வெட்கம் இல்லை. அந்த வார்த்தையைத் திட்டாக எழுதினவனின் சட்டையைப் பிடிக்க முடியவில்லையே என்றுதான் பற்றி எரிந்தது.

*

முழுப் பேச்சும் ஒரே இடத்தில்தான் இருக்க முடியும். அணுபுரத்தில் பார்த்தசாரதியிடம்.

அவர் ஓய்வுபெற்ற விஞ்ஞானி. குடியிருப்பு சங்கத்தின் விழாக்களை நடத்துகிறவர். ரெஜினாவைப் பேசக் கூப்பிட்டதும் அவர்தான், முன்வரிசையில் தலையாட்டியதும் அவர்தான். அவர் மனைவி ஸ்ரீதேவி கதவைத் திறந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து, தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

ரெஜினா நடந்ததைச் சொன்னாள். பார்த்தசாரதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ரொம்ப வருத்தமா இருக்கும்மா. ஆனா முழு ரெக்கார்டிங்கும் சங்கத்துடையது. கமிட்டியில வெச்சுத்தான் குடுக்கணும்.”

“கேசவனுக்குக் குடுக்கறப்போ கமிட்டி கூடிச்சா சார்?”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“அவன் கைக்கு எப்படிப் போச்சு? நான் அவனுக்குக் குடுக்கல.”

“அன்னைக்கு விழாவுல அவன் ஒரு ஸ்டால் போட்டிருந்தான். பந்தல் செலவை அவன்தான் ஏத்துக்கிட்டான். வீடியோ வேணும்னு கேட்டான், குடுத்தேன். இப்படிப் பண்ணுவான்னு நான் கனவா கண்டேன்? இப்ப இதை வெளியில விட்டா கேஸ், கோர்ட்டுன்னு சங்கத்தோட பேர் அடிபடும். இங்க நிறைய பேர் அவன்கிட்ட வாங்கறாங்க. எல்லாரும் சொசைட்டியில மரியாதையா இருக்கிறவங்க.”

“சார், நீங்க முப்பது வருஷம் ஆராய்ச்சி பண்ணினவர். நான் என்ன சொன்னேன்னு உங்களுக்குப் புரிஞ்சுது. தலையாட்டினீங்க. நான் பாத்தேன். வெட்டின வீடியோ உங்க போனுக்கும் வந்திருக்கும். வந்துதா இல்லையா?”

“வந்தது.”

“அப்ப என்ன பண்ணினீங்க?”

“ஏதோ விளம்பரம்னு விட்டுட்டேன்.”

ரெஜினா எழுந்து நின்றுவிட்டாள். “கேசவனுக்குத் தெரியாது சார். அவன் முட்டாள், இல்லன்னா திருடன், எதுவா இருந்தாலும் அவனுக்கு அந்த அமிலத்தோட பேர்கூடத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒரு போன் பண்ணல. என் தம்பி வேன் ஓட்டறவன். உங்க ஆளுங்க யாராவது அதைத் தின்னு விழுந்திருந்தா கமிட்டி கூட்டுவீங்களா, இல்ல அன்னைக்கே ஓடுவீங்களா?”

“குரலை உயர்த்தாதீங்க ரெஜினா.”

“உயர்த்துவேன். இன்னும் உயர்த்துவேன்.”

உள்ளறைக் கதவு திறந்தது. ஸ்ரீதேவி நின்றிருந்தார். கையில் அதே வெள்ளை டப்பா.

“ராத்திரியில அடிக்கடி எழுந்துக்கறேன், யூரினுக்கு,” என்றார், கணவரைப் பார்க்காமல் ரெஜினாவை மட்டும் பார்த்து. “உடம்பு வெளிறிப் போயிருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. வயசாச்சுன்னு நினைச்சேன். முட்டி வலிக்கு நல்லதுன்னு இதைச் சாப்பிட்டுட்டு இருக்கேம்மா. ஒரு வருஷத்துக்கு மேல ஆகுது.”

பார்த்தசாரதி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். “நீ எப்ப வாங்கின? எங்கிட்ட சொல்லவே இல்லையே.”

“நீங்க கூப்பிட்டு வந்த மேடம்தான் வீடியோவுல பேசினாங்க. நீங்கதான் ஸ்டால் போட வெச்சீங்க. இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?”

 ரெஜினாவுக்கு ஒரு கணம், ஒரே ஒரு கணம், சந்தோஷமாக இருந்தது. உடனே தன்மேலேயே அருவருப்பு வந்தது. அந்த அம்மாளின் கையிலிருந்த டப்பாவை வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

“இன்னையோட நிறுத்துங்கம்மா. நாளைக்கு என்கூட செங்கல்பட்டு வாங்க. இரத்தம் குடுங்க. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கலாம்.”

ஸ்ரீதேவி தலையசைத்தார். பிறகு கணவரின் மேஜை இழுப்பறையைத் திறந்து, அவர் தடுக்குமுன் ஒரு பென் டிரைவை எடுத்து ரெஜினாவின் கையில் திணித்தார்.

“கமிட்டிக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.”

*

ஸ்ரீதேவியின் சிறுநீரகம் பாதிக்கு மேல் கெட்டிருந்தது. நிறுத்திவிட்டதால் இதற்கு மேல் வேகமாகப் போகாது என்று நம்புவதாக டாக்டர் செல்வராஜ் சொன்னார். நம்புவதாக என்ற வார்த்தையை அழுத்திச் சொன்னார். மருந்து ஆய்வாளரிடம் போன புகாரில் முதல் கையெழுத்து ஸ்ரீதேவியுடையது. இரண்டாவது லதாவுடையது. மூன்றாவதாகத்தான் ரெஜினா போட்டாள்.

முழுப் பேச்சையும் ரெஜினா வெளியிட்டாள். இசை இல்லை, எழுத்து இல்லை. வெட்டின வீடியோவைப் பார்த்தவர்களில் பத்தில் ஒரு பங்குகூட இதைப் பார்க்கவில்லை. ஆனால் பார்த்தவர்களில் சிலர் டப்பாவை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு தையல்காரப் பெண். கல்பாக்கத்திலிருந்து அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர். சூரணத்தின் சோதனைக்கூட முடிவு வந்ததும் அதிகாரிகள் குடிலுக்குப் பூட்டுப் போட்டார்கள். கேசவனைக் கைது செய்து, சில நாட்களில் ஜாமீனில் விட்டார்கள். அவன் இரத்தம் கொடுத்துப் பார்த்தானா என்பது யாருக்கும் தெரியவில்லை.

பூட்டுப் போட்ட அன்று குடிலின் வாசலில் ஒரு கூட்டம் கூடி அதிகாரிகளைத் திட்டியது. தங்களுக்கு வலி போனது என்றார்கள். ஒரு அம்மாள், கையிருப்பில் இருக்கும் டப்பாக்களை யாரிடமாவது வாங்க முடியுமா என்று பக்கத்துச் சங்குக் கடையில் விசாரித்தாள். ரெஜினா சாலைக்கு எதிர்ப்புறம் நின்று இதைப் பார்த்தாள். கிட்டே போய்ப் பேச வேண்டும் என்று கால் இரண்டு தடவை முன்னால் போனது. போயிருந்தால் கத்தியிருப்பாள். அவள் கத்துகிறதைப் படம் பிடித்து இன்னொரு முறை வெட்டி ஒட்டியிருப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த அம்மாள் தனியாகப் பஸ் நிறுத்தத்துக்கு வரும்வரை காத்திருந்தாள். பக்கத்தில் போய் நின்றாள்.

“நீங்க எத்தனை நாளா சாப்பிடறீங்க?” என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

அந்த அம்மாள் அவளை அடையாளம் கண்டுகொண்டாள். “நீதான வீடியோவுல வந்தவ. ஒரு தடவை நல்லதுன்ற, ஒரு தடவை விசம்ன்ற. எதைத்தான் நம்பறது உங்களை?” என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள். அப்புறமும் ரெஜினா ஆஸ்பத்திரியின் பிரிவையும் கிழமையையும் சொன்னாள். அந்த அம்மாள் திரும்பவில்லை. கேட்டுக்கொண்டாள் என்று மட்டும் தெரிந்தது.

*

ஜோஷ்வா வேனை விற்றுவிட்டான். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஊரிலிருந்து செங்கல்பட்டுக்கு லதாவோடு பஸ்ஸில் வருவான். ரெஜினா தன் வகுப்புகளை மாற்றிக்கொண்டு, அந்த மூன்று நாளும் பொத்தேரியிலிருந்து ரயிலில் வந்துவிடுவாள். லதா சாப்பிடப் போகிற நேரத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவன் அவளோடு பேசுவதில்லை. கேட்டால் ம் என்பான். இல்லையென்றால் கண்ணை மூடிக்கொள்வான். குழாயில் அவன் இரத்தம் போய் வருவதைப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள்.

தன் சிறுநீரகத்தைக் கொடுக்க ரெஜினா சோதனை செய்திருந்தாள். பொருந்துகிறது என்று முடிவு வந்திருந்தது. ஆனால் மாற்றுவதற்கு முன்னால் அவனுடைய பழைய சிறுநீரகங்கள் இரண்டையும், சிறுநீர்க் குழாய்களோடு சேர்த்து எடுத்துவிட வேண்டும், அந்த அமிலம் அங்கே புற்றுநோய்க்கு விதை போட்டிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அதை அவனிடம் ரெஜினாதான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள்.

ஜோஷ்வா வெகுநேரம் கூரையைப் பார்த்தான்.

“எடுத்துட்டு அப்புறம் உன்னுது வெப்பாங்களா?”

“ஆமா.”

“எனக்கு வேணாம்.”

“ஏன்டா?”

“அது உள்ள இருந்துகினு தெனம் உன் ஞாபகமா இருக்கும். எனக்கு வேணாம்.”

அவள் நழுவியிருந்த போர்வையை அவன் காலுக்கு மேல் இழுத்துவிட்டாள். அவனே தொடர்ந்தான். குரல் உயர்ந்துகொண்டே போனது.

“அந்தக் கேசவன் எப்ப பாத்தாலும் சிரிச்சிகினே கீறான். டிவில காட்டினாங்க, அப்பவும் சிரிக்கிறான். அந்தப் பெரியவரு வந்தாரு, அணுபுரத்துக்காரு, ஆரஞ்சு வாங்கிகினு. சாரின்றாரு. நான் இன்னா பண்ணட்டும் ஆரஞ்சை வெச்சிகினு, எனக்கு அது சாப்பிடக் கூடாதுன்னு கீது. லதா மேல கோவம் வருது, பாவம் அது, அதும் மூஞ்சியப் பாத்தா முடியல. யார் மேல கோவப்படறதுன்னே தெரியலக்கா எனக்கு. நீ ஏன்கா அந்த மேடையில ஏறின? வூட்ல சும்மா இருந்திருக்கலாம்ல? உன்ன யாரு அங்க கூப்பிட்டது? படிச்சிட்டா பேசிகினே இருக்கணுமா?”

பக்கத்து டயாலிசிஸ் நாற்காலியில் இருந்தவர் கண்ணைத் திறந்து பார்த்தார். நர்ஸ் ஒருத்தி வந்து, பிரஷர் ஏறும் என்று சொல்ல வாயெடுத்தாள். ரெஜினா அவளைப் பார்த்துக் கையமர்த்தினாள். செய்யாத தவறுக்குத் தன்மேல் பழி போடுகிறான் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். நியாயம் பேச அவளிடம் முழுப் பேச்சும் இருந்தது, ஊர் முழுக்க அதைப் போட்டுக் காட்டியிருந்தாள். இவனிடம் அதை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவளுடைய கோபத்துக்காவது கேசவனின் கடையும் பார்த்தசாரதியின் வீடும் கிடைத்தன. இவனுக்கு இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே நான்கு மணி நேரம் ஆகும்.

“பேசு,” என்றாள்.

“இன்னா பேசு?”

“மனசுல இருக்கிறதெல்லாம் திட்டு. எனக்கு அஞ்சரை மணிக்குத்தான் ரயில்.”

ஜோஷ்வா அவளை முறைத்தான். கீழுதடு துடித்தது. பிறகு, சின்ன வயதில் பள்ளிக்கூடப் பையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பேசுவானே, அந்தக் குரலில், அவளைத் திட்ட ஆரம்பித்தான். லதா டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோதும் அவன் நிறுத்தவில்லை. வாசலிலேயே நின்றுவிட்ட லதாவைப் பார்த்து, உட்காரு என்பதுபோல ரெஜினா பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.